ரெடிஸுக்குப் போட்ட பூட்டு: திறந்த மூல நிறுவனங்கள் உரிமத்தை மாற்றுவது ஏன், மாற்றினால் என்ன ஆகிறது?

தரவை ராம் நினைவகத்தில் வைத்துச் சட்டென்று எடுத்துத் தரும் மென்பொருள் ரெடிஸ். 2024 மார்ச் 20 அன்று அதை வெளியிடும் ரெடிஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 7.4 பதிப்பு முதல் ரெடிஸ் பழைய பி.எஸ்.டி. உரிமத்தில் வராது, புதிதாக இரண்டு உரிமங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை ஏற்றுக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும் என்றது. எட்டு நாள் கழித்து, திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் பழைய ரெடிஸின் நகலை வைத்து ‘வால்கீ’ என்று தனித் திட்டம் ஒன்றை அறிவித்தது. அமேசான், கூகுள் கிளவுட், ஆரக்கிள், எரிக்சன், ஸ்னாப் ஆகிய நிறுவனங்கள் அதன் பின்னால் நின்றன. 2025 மே 1 அன்று ரெடிஸ் 8 வந்தபோது, மறுபடியும் ஒரு திறந்த மூல உரிமம் அதில் சேர்ந்திருந்தது.

ஆக, போட்ட பூட்டைப் பதிமூன்று மாதம் சொச்சத்தில் போட்டவரே திறந்துவிட்டார். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளைத் தயாரிக்கும் எலாஸ்டிக் நிறுவனமும் இதையேதான் செய்தது. அதற்கு மூன்றரை வருடம் பிடித்தது. கிளவுட் சர்வர்களை நிரல் எழுதி அமைக்க உதவும் டெராஃபார்மைத் தயாரிக்கும் ஹாஷிகார்ப் பூட்டியது பூட்டியபடியே இருக்கிறது. டேட்டாபேஸ் தயாரிக்கும் மாங்கோடிபி 2018-லேயே பூட்டியது, இன்றுவரை திறக்கவில்லை, வியாபாரமும் நன்றாகத்தான் நடக்கிறது.

ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள் வருகின்றன. இனிமேல் இதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா? எங்கள் சர்வரில் ஓடிக்கொண்டிருப்பதைத் தூக்கிவிட வேண்டுமா? பெரும்பாலானவர்களுக்கு இரண்டுக்குமே பதில் ‘வேண்டாம்’தான். ஆனால் அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்று தெரிய, உரிமம் என்ற சீட்டைக் கொஞ்சம் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

## ரெடிஸ் செய்யும் வேலை

சல்வதோரே சான்ஃபிலிப்போ இத்தாலியின் சிசிலித் தீவுக்காரர். 2009 வாக்கில் சின்னதாக ஓர் இணையச் சேவை நடத்திக்கொண்டிருந்தார். உங்கள் தளத்துக்கு இந்த நொடியில் யார் வருகிறார்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பதை உடனுக்குடன் காட்டும் சேவை. பல வருடக் கணக்கு அதற்குத் தேவையில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் கடைசியாக வந்த இத்தனை பேர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

வழக்கமான டேட்டாபேஸில் இதைச் செய்தால், ஒவ்வொரு வருகைக்கும் டிஸ்கில் ஒரு வரி எழுத வேண்டும். காட்டும்போது நேரப்படி அடுக்கி எடுக்க வேண்டும். பழைய வரிகளைத் தேடிப்பிடித்து அழிக்க வேண்டும். தளங்கள் கூடக் கூட டிஸ்க் திணறும். மைஎஸ்க்யூஎல்லோடு இப்படி மல்லுக்கட்டிய சான்ஃபிலிப்போ, தளத்துக்கு ஒரு பட்டியல் என்று எல்லாவற்றையும் ராம் நினைவகத்திலேயே வைத்துவிட்டார். புதிய ஆள் வந்தால் பட்டியலின் தலையில் செருகு. பட்டியல் அளவுக்கு மேல் நீண்டால் வாலை நறுக்கு. செருகுவதற்கு ‘எல்புஷ்’, நறுக்குவதற்கு ‘எல்ட்ரிம்’ என்று இரண்டு கட்டளைகள். இன்றைய ரெடிஸிலும் அதே இரண்டு கட்டளைகள் அதே வேலையைச் செய்கின்றன.

லாகின் விவரம், கடைப் பக்கத்தில் வாடிக்கையாளரின் கூடை, சில நிமிடத்தில் காலாவதியாக வேண்டிய ஓ.டி.பி., விளையாட்டில் யார் முன்னணி என்ற பட்டியல் என்று, சட்டென்று எழுதிச் சட்டென்று படிக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் ரெடிஸ் பொருந்தியது. சான்ஃபிலிப்போ அதை பி.எஸ்.டி. உரிமத்தில் எல்லாருக்கும் கொடுத்தார். கம்பெனி ஆரம்பித்து விற்கவில்லை. விஎம்வேர், பிறகு பிவோட்டல், பிறகு ரெடிஸ் லேப்ஸ் என்று ஒவ்வொரு நிறுவனமாக அவருக்குச் சம்பளம் கொடுத்து இந்த வேலையைத் தொடர வைத்தன.

## உரிமம் என்பது அனுமதிச் சீட்டு

மூலநிரலை இணையத்தில் போட்டுவிட்டால் மட்டும் அது திறந்த மூல மென்பொருள் ஆகிவிடாது. ஒருவர் நிரல் எழுதிய உடனே அதன் பதிப்புரிமை அவருக்கு வந்துவிடுகிறது. அவர் அனுமதிக்காமல் மற்றவர்கள் நகலெடுக்கவோ மாற்றவோ விற்கவோ கூடாது. அந்த அனுமதியை எழுதிக் கொடுப்பதுதான் உரிமம். நடைமுறையில் மூன்று வகை உண்டு.

1. தாராள உரிமங்கள். பி.எஸ்.டி., எம்.ஐ.டி., அப்பாச்சி ஆகியவை. எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள், உன் மாற்றத்தை யாருக்கும் காட்டாமலும் வைத்துக்கொள். என் பெயரையும் இந்தச் சீட்டையும் மட்டும் கிழித்துப் போடாதே.

2. காபிலெஃப்ட் உரிமங்கள். 1989-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கொண்டுவந்த ஜி.பி.எல். இதில் மூத்தது. எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள். ஆனால் மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுத்தால் அதே சுதந்திரத்தோடு மூலநிரலையும் சேர்த்துக் கொடு. இதில் ஓர் ஓட்டை இருந்தது. மென்பொருளை யாருக்கும் ‘கொடுக்காமல்’, தன் சர்வரிலேயே ஓட்டி, இணையம் வழியாகப் பயன்படுத்த மட்டும் விட்டால் நிபந்தனை பொருந்தாது. அந்த ஓட்டையை அடைக்க 2007-இல் வந்தது ஏ.ஜி.பி.எல். மாற்றிய மென்பொருளை நெட்வொர்க் வழியாகப் பிறருக்குப் பயன்படக் கொடுத்தாலும் மூலநிரலைத் தர வேண்டும் என்றது.

3. பார்க்கலாம், ஆனால் எல்லாம் செய்ய முடியாது என்ற உரிமங்கள். மூலநிரல் கண்ணுக்குத் தெரியும். உங்கள் வேலைக்குப் பயன்படுத்தலாம். எங்களுக்குப் போட்டியாக மட்டும் கடை போடக்கூடாது.

மூன்றாவது வகையைத் திறந்த மூலம் என்று சொல்வதில்லை. எது திறந்த மூலம் என்பதற்கு 1998-இல் அமைந்த ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் பத்து நிபந்தனைகள் வைத்திருக்கிறது. இன்ன துறைக்கு, இன்ன தொழிலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று பிரித்து வைக்கக் கூடாது என்பது அதில் ஆறாவது. ‘கட்டற்ற மென்பொருள்’, ‘திறந்த மூலம்’ இரண்டுக்கும் இடையில் கொள்கைச் சண்டை தனியாக ஒன்று உண்டு. இங்கே அது வேண்டாம்.

## குளத்துக்கு லாரி வந்தது

ஊர்ப் பொதுக்குளம் ஒன்று இருக்கிறது. ஆளாளுக்குக் குடத்தில் மொண்டு போகிறார்கள். ஒரு நாள் ஒருவர் டேங்கர் லாரியோடு வந்து நிரப்பிக்கொண்டுபோய் நகரத்தில் விற்கிறார். குளத்தைத் தூர் வாரவோ கரை கட்டவோ அவர் வருவதில்லை. கிளவுட் நிறுவனங்களைப் பற்றி ரெடிஸும் எலாஸ்டிக்கும் மாங்கோடிபியும் சொன்ன புகார் சுருக்கமாக இதுதான்.

உவமை ஓர் இடத்தில் உதைக்கிறது. மென்பொருள் மொள்ள மொள்ளக் குறைவதில்லை. குறைவது, கரை கட்டுகிறவர்களின் சம்பளத்துக்கு வரவேண்டிய பணம். திறந்த மூலத்தை வைத்துத் தொழில் செய்யும் நிறுவனங்களுக்கு வருமானம் முன்பெல்லாம் உதவிச் சேவை விற்பதில் வந்தது. கிளவுட் வந்த பிறகு, நிறுவித் தந்து பராமரிக்கும் சேவையில்தான் பணம் இருக்கிறது. அமேசான் 2013-இல் தன் எலாஸ்டிகேஷ் சேவையில் ரெடிஸைச் சேர்த்தது. 2015-இல் எலாஸ்டிக்சர்ச்சையும் அந்தப் பெயரிலேயே சேவையாகக் கொடுத்தது. ஏற்கெனவே அமேசானில் சர்வர் வைத்திருக்கும் கம்பெனி, அதே பில்லில் ரெடிஸும் வரும் என்றால் வேறு கடைக்கு ஏன் போகப்போகிறது?

இதில் கிளவுட் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு தவறும் செய்யவில்லை. பி.எஸ்.டி. உரிமம் ‘விற்றுக்கொள்’ என்று எழுதியே கொடுத்திருக்கிறது. பங்களிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரெடிஸின் மையக் குழு ஐந்து பேரில் மேட்லின் ஓல்சன் அமேசான் ஊழியர், இன்னொருவர் அலிபாபாவில் இருந்தார். டென்சென்ட், ஹுவாவே ஊழியர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

பலரும் மறந்துபோன ஒரு விஷயமும் உண்டு. இன்றைய ரெடிஸ் நிறுவனம் ரெடிஸை உருவாக்கிய நிறுவனம் அல்ல. 2011-இல் இஸ்ரேலில் கரன்ஷியா டேட்டா என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். அவர்களுடைய தொழில் என்ன தெரியுமா? வேறொருவர் எழுதிய ரெடிஸை எடுத்து, கிளவுடில் ஓட்டி, சேவையாக விற்பது. பிறகுதான் ரெடிஸ் லேப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2015-இல் சான்ஃபிலிப்போவை வேலைக்கு எடுத்தார்கள். 2018-இல் ரெடிஸ் என்ற வணிகக்குறியையும் வாங்கினார்கள். 2021-இல் நிறுவனத்தின் பெயரே ரெடிஸ் ஆனது. 2024-இல் அவர்கள் கொண்டுவந்த உரிமம் 2011-இல் இருந்திருந்தால், அவர்களால் கடையே திறந்திருக்க முடியாது. முதல் லாரி அவர்களுடையதுதான்.

நெருக்கடி எங்கிருந்து வந்தது என்பதற்குத் தேதிகளே போதும். மாங்கோடிபி 2017 அக்டோபரில் பங்குச்சந்தைக்கு வந்தது, 2018 அக்டோபரில் உரிமத்தை மாற்றியது. எலாஸ்டிக் 2018-இல் வந்தது, 2021-இல் மாற்றியது. ஹாஷிகார்ப் 2021 டிசம்பரில் வந்தது, 2023 ஆகஸ்டில் மாற்றியது. ரெடிஸ் பங்குச்சந்தைக்கு வரவில்லை. ஆனால் 2021-இல் 200 கோடி டாலருக்கு மேல் மதிப்புப் போட்டு முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். அவ்வளவு மதிப்பு போட்டவர்கள், வருமானத்தைப் பக்கத்துக் கடைக்காரர் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள்.

## உரிமத்தை மாற்ற யாருக்கு உரிமை?

குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதியதை ஒரு கம்பெனி மட்டும் எப்படித் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியும்? இரண்டு வழிகள் இருக்கின்றன.

வழி 1: முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது. நீங்கள் ஒரு பிழையைச் சரிசெய்து அனுப்புகிறீர்கள். சேர்த்துக்கொள்வதற்கு முன் ஒரு படிவத்தில் சம்மதம் கேட்பார்கள். பங்களிப்பாளர் ஒப்பந்தம், சுருக்கமாக சி.எல்.ஏ. ‘நான் எழுதிய இந்தப் பகுதியை நிறுவனம் எந்த உரிமத்தின் கீழும் வெளியிட்டுக்கொள்ளலாம்’ என்ற பொருள் வரும் வரி பலவற்றில் இருக்கும். பெரும்பாலானவர்கள் படிக்காமல் டிக் அடித்துவிட்டுப் போவார்கள். மாங்கோடிபி, எலாஸ்டிக், ஹாஷிகார்ப் மூன்றும் இப்படி ஒப்பந்தம் வாங்கி வைத்திருந்த நிறுவனங்கள்.

வழி 2: தாராள உரிமத்தின் தாராளத்தையே பயன்படுத்துவது. பழைய ரெடிஸில் சி.எல்.ஏ. கிடையாது. நிரல் அனுப்புகிறவர் அதை பி.எஸ்.டி. உரிமத்தில் தருகிறார், அவ்வளவுதான். ஆனால் பி.எஸ்.டி. என்ன சொல்கிறது? யாரும் எடுத்து, மேலே தன் வேலையைச் சேர்த்து, மொத்தத்தையும் வேறு உரிமத்தில் விற்கலாம். அந்த ‘யாரும்’ என்பதில் ரெடிஸ் நிறுவனமும் அடக்கம். பழைய வரிகளில் பி.எஸ்.டி. சீட்டு ஒட்டியபடியே இருக்க, அவற்றின் மேல் கட்டிய 7.4-க்குப் புதிய சீட்டை ஒட்டினார்கள். பங்களித்தவர்களைக் கேட்கவேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை. கேட்கவும் இல்லை.

முடியாத இடத்துக்கு உதாரணம் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல். ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு, சி.எல்.ஏ. கிடையாது, அவரவர் எழுதியதற்கு அவரவர் சொந்தக்காரர். அப்படி ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அதைத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸே நினைத்தாலும் நாளைக் காலையில் உரிமத்தை மாற்ற முடியாது.

அதனால் இன்றைய உரிமம் என்ன என்று பார்ப்பது பாதி வேலைதான். அந்தச் சீட்டு உங்கள் கையில் இருக்கும் பதிப்புக்கு மட்டும் உத்தரவாதம். கொடுத்த பி.எஸ்.டி. பதிப்பைத் திருப்பி வாங்க முடியாது, ரெடிஸ் 7.2 என்றைக்கும் பி.எஸ்.டி.தான். அடுத்த பதிப்பு எப்படி வரும் என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

வாய்மொழி உறுதியும் சொல்லாது. ரெடிஸ் லேப்ஸ் 2018-இல் தன் துணை மாட்யூல்களின் உரிமத்தை மாற்றியபோது, மைய ரெடிஸ் என்றும் பி.எஸ்.டி.யாகவே இருக்கும் என்று எழுதியது. எலாஸ்டிக்கும் அதே வருடம், அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலின் உரிமத்தை ஒருபோதும் மாற்றமாட்டோம் என்று எழுதியது. எழுதியவர்கள் அன்றைக்குப் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து வரப்போகும் முதலீட்டாளர் கூட்டத்தை யாராலும் அன்றைக்கே கட்டிப்போட முடியாது.

## புதிய சீட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது?

ரெடிஸ் 7.4-க்கு வந்த இரண்டில் ஒன்று ஆர்.எஸ்.ஏ.எல். இது நேரடியானது: ரெடிஸையே பிறருக்குச் சேவையாக நடத்தி விற்கக்கூடாது, உரிமக் குறிப்புகளை அழிக்கக்கூடாது.

மற்றொன்று எஸ்.எஸ்.பி.எல். இதை மாங்கோடிபி 2018-இல் தன் தேவைக்காக எழுதியது. படித்தால் ஏ.ஜி.பி.எல். போலத் தெரியும். 13-ஆவது பிரிவில்தான் விஷயம் இருக்கிறது. மென்பொருளை நீங்கள் சேவையாகக் கொடுத்தால் அதன் மூலநிரலைத் தந்தால் போதாது. அந்தச் சேவையை நடத்தப் பயன்படும் மேலாண்மை மென்பொருள், கண்காணிப்பு, பேக்கப், சேமிப்பு, ஹோஸ்டிங் என்று சுற்றியுள்ள எல்லாவற்றையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். அமேசான் தன் கிளவுட் மொத்தத்தையும் திறக்குமா? திறக்காது என்று தெரிந்துதான் எழுதினார்கள். இட்லிக் கடை வைக்கலாம், ஆனால் அடுப்பு செய்த இரும்புச் சுரங்கத்தின் வரைபடத்தையும் கொண்டுவா என்கிற மாதிரி. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவிடம் ஒப்புதலுக்குக் கொண்டுபோய், எதிர்ப்பு வந்ததும் 2019-இல் மாங்கோடிபியே திரும்ப எடுத்துக்கொண்டது. எஸ்.எஸ்.பி.எல். திறந்த மூல உரிமம் அல்ல என்று அந்த அமைப்பு 2021-இல் வெளிப்படையாகவே அறிவித்தது.

ஹாஷிகார்ப் எடுத்தது பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ். மரியாடிபி டேட்டாபேஸ்காரர்கள் உருவாக்கியது இது. எங்கள் தயாரிப்புகளோடு போட்டியிடும் சேவைக்குப் பயன்படுத்தாதீர்கள், மற்றபடி சரி என்கிறது. ‘போட்டி’ என்றால் எது என்பதுதான் தலைவலி. இன்றைக்குப் போட்டியில்லாத உங்கள் தயாரிப்பு, நாளை ஹாஷிகார்ப் அதே துறையில் இறங்கினால் போட்டியாகிவிடாதா? ஆலோசனை நிறுவனங்கள் இந்த ஒரு சொல்லுக்காகவே வக்கீலைத் தேடின.

## பூட்டிய பிறகு

ஃபோர்க் என்பது மூலநிரலை நகலெடுத்து, அங்கிருந்து தனி வழியில் போவது. நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். பிறகு தேவைப்படுவது மூன்று: முழுநேரமாக வேலை செய்ய ஆட்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க யாராவது, புதுப் பெயர். வணிகக்குறி பழைய நிறுவனத்திடம் இருப்பதால் பெயரை மட்டும் கொண்டுபோக முடியாது. 2024 மார்ச்சில் மேட்லின் ஓல்சன் ரெடிஸின் நகலை எடுத்தபோது பெயர் யோசிக்க நேரமில்லை. ‘பிளேஸ்ஹோல்டர்கேவி’ என்று வைத்தார்கள். பெயர் பின்னால் வரும் என்பதே பெயர். சில நாளில் அது வால்கீ ஆனது.

வால்கீக்கு ஆட்களும் இருந்தார்கள், சம்பளமும் இருந்தது. பூட்டு யாரைத் தடுப்பதற்கோ, சம்பளம் அவர்களிடமிருந்துதான் வந்தது. 2024 செப்டம்பரில் வால்கீ 8.0 வெளிவந்தது. அக்டோபரில் அமேசான் எலாஸ்டிகேஷில் வால்கீயைச் சேர்த்து, ரெடிஸை விட 20 சதவீதம் குறைவாக, சர்வர்லெஸ் வகையில் 33 சதவீதம் குறைவாக விலை வைத்தது. அதே மாதம் ஃபெடோரா 41 லினக்ஸ் வந்தது. அதில் ரெடிஸ் பேக்கேஜ் போய் அந்த இடத்தில் வால்கீ உட்கார்ந்திருந்தது. ஃபெடோரா மாதிரியான லினக்ஸ் வெளியீடுகள் திறந்த மூலம் அல்லாததைத் தங்கள் களஞ்சியத்தில் வைப்பதில்லை. லாரியை நிறுத்தக் கேட் போட்டார்கள். லாரிக்காரர் பக்கத்திலேயே சொந்தமாகக் குளம் வெட்டி, பழைய குளத்துக்குத் தண்ணீர் இறைத்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எலாஸ்டிக் கதை இதற்கு ஒத்திகை மாதிரி முன்பே நடந்தது. 2021 ஜனவரியில் உரிமத்தை மாற்றியது. ஏப்ரலில் அமேசான் 7.10 பதிப்பிலிருந்து ஓப்பன்சர்ச்சைப் பிரித்தெடுத்தது. எலாஸ்டிக் தொடுத்திருந்த வணிகக்குறி வழக்கு 2022-இல் சமரசமானது. அமேசான் சேவையின் பெயர் அதற்குள் மாறியிருந்தது. 2024 ஆகஸ்டில் எலாஸ்டிக்கின் நிறுவனர் ஷே பேனன் ஏ.ஜி.பி.எல். உரிமத்தைச் சேர்த்து அறிவித்தார். அமேசான் முழுமையாகத் தன் ஃபோர்க்கில் இறங்கிவிட்டது, சந்தையில் பெயர்க் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்பது அவர் தரப்பு விளக்கம். நினைத்தது நடந்துவிட்டது என்கிறார். ஒரு வகையில் சரிதான். ஆனால் போட்டிக்குத் தனியாக ஒரு தயாரிப்பையே உண்டாக்கிக் கொடுத்த வெற்றி அது.

மாங்கோடிபிக்கு மட்டும் ஏன் இப்படி ஆகவில்லை? 2019 ஜனவரியில் அமேசான் டாக்குமென்ட்டிபியை வெளியிட்டது. ஆனால் அது மாங்கோடிபியின் ஃபோர்க் அல்ல. மாங்கோடிபியின் 3.6 பதிப்பு பேசும் மொழியைப் பேசும்படி தனியாக எழுதியது. காரணம் பழைய சீட்டில் இருக்கிறது. மாங்கோடிபி 2018-க்கு முன்பே ஏ.ஜி.பி.எல்.லில் இருந்தது. அதை ஃபோர்க் செய்தால் ஃபோர்க்கும் ஏ.ஜி.பி.எல்.தான், தன் மாற்றங்களைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். பெரிய கம்பெனிகளுக்கு அந்த உரிமம் என்றாலே ஆகாது. கூகுள் தன் ஊழியர்கள் ஏ.ஜி.பி.எல். நிரலைப் பயன்படுத்தவே தடை வைத்திருக்கிறது. ரெடிஸும் எலாஸ்டிக்சர்ச்சும் பி.எஸ்.டி., அப்பாச்சி. எந்தத் தாராளம் நிறுவனத்துக்கு உரிமத்தை மாற்ற வழிவிட்டதோ, அதே தாராளம் அமேசானுக்கும் வெளியேற வழிவிட்டது. ஆரம்பத்திலிருந்தே ஏ.ஜி.பி.எல்.லில் இருந்திருந்தால் இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் பூட்டே தேவைப்பட்டிருக்காது என்பது என் கணிப்பு. அப்படி இருந்திருந்தால் இவ்வளவு பேர் பயன்படுத்தவும் தொடங்கியிருக்கமாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

டெராஃபார்ம் கதையில் அமேசான் வில்லன் இல்லை. ஹாஷிகார்ப்பின் பூட்டு ஸ்பேஸ்லிஃப்ட், என்வ்ஜீரோ, ஸ்கேலர் போன்ற சிறிய நிறுவனங்கள் மேல் விழுந்தது. அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் சேர்ந்து ஃபோர்க் எடுத்தார்கள். 2023 செப்டம்பரில் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனில் ஓப்பன்டோஃபு ஆனது. 2024 ஏப்ரலில், எங்கள் புதிய நிரலைக் காப்பியடித்துவிட்டீர்கள் என்று ஹாஷிகார்ப் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. ஓப்பன்டோஃபு மறுத்தது. அதே மாதம் ஐபிஎம் ஹாஷிகார்ப்பை 640 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. விற்பனை 2025 பிப்ரவரியில் முடிந்தது.

ரெடிஸுக்கு வருவோம். 2020-இல் பராமரிப்பிலிருந்து விலகிய சான்ஃபிலிப்போ 2024 டிசம்பரில் நிறுவனத்துக்குத் திரும்பிவந்தார். அடுத்த மே மாதம் ரெடிஸ் 8-இல் ஏ.ஜி.பி.எல். மூன்றாவது தேர்வாகச் சேர்ந்தது. அவர் புதிதாக எழுதிய வெக்டர் செட் என்ற வசதியும் அதில் வந்தது. வால்கீக்குப் போனவர்கள் திரும்பவில்லை. ஏ.ஜி.பி.எல்.லில் வரும் ரெடிஸ் நிரலை, பி.எஸ்.டி. உரிமத்தில் இருக்கும் வால்கீயில் அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. இரண்டும் 7.2-இலிருந்து தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருக்கின்றன.

## உங்கள் சர்வரில் இவை ஓடினால்

1. உங்கள் ஆப்புக்குள் கேஷாக, அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடமாக, ரெடிஸ் ஓடுகிறது. 7.2 வரை பி.எஸ்.டி. 7.4-இல் ஆர்.எஸ்.ஏ.எல். அல்லது எஸ்.எஸ்.பி.எல். 8 முதல் இந்த இரண்டோடு ஏ.ஜி.பி.எல்.லும் உண்டு, மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நீங்கள் விற்பது உங்கள் ஆப்பை, ரெடிஸை அல்ல. எந்தப் பதிப்பிலும் காசு கட்ட வேண்டியதில்லை.

2. வாடிக்கையாளர்களுக்கு ரெடிஸையே ஹோஸ்ட் செய்து கொடுக்கிறீர்கள். இந்த மாற்றம் உங்களைக் குறிவைத்ததுதான். அமேசானைப் போலச் சொந்தமாகக் குளம் வெட்ட உங்களால் முடியாது. வெட்டி முடித்த வால்கீயை எடுத்துக்கொள்ளலாம். ரெடிஸ் 8-ஐ ஏ.ஜி.பி.எல். நிபந்தனையோடு ஓட்டவும் வழி இருக்கிறது.

3. வால்கீக்கு மாறலாமா என்று யோசிக்கிறீர்கள். 7.2 வரை உள்ள கட்டளைகளோடு நின்றால் மாறுவது எளிது. நிரலில் கை வைக்காமலே பெரும்பாலும் ஓடும். 7.4-க்குப் பின் ரெடிஸில் வந்த புது வசதிகளைத் தொட்டுவிட்டால் அப்புறம் கஷ்டம். இந்த முடிவைத் தள்ளிப்போடப் போட விலை கூடும்.

4. புதிதாக ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். உரிமக் கோப்பைப் பார்த்த கையோடு, பங்களிப்பாளருக்கான கோப்பையும் திறந்து பாருங்கள். சி.எல்.ஏ. இருக்கிறதா, வணிகக்குறி ஒரு கம்பெனியிடமா அறக்கட்டளையிடமா, நிரல் எழுதுகிறவர்கள் எத்தனை நிறுவனங்களிலிருந்து வருகிறார்கள்? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தாராள உரிமத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பல நிறுவனத்தாரும் தனி ஆட்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். யாராவது ஒரு கம்பெனி அதில் தன் சீட்டை ஒட்டிப் புதுப் பதிப்பு விட்டால், மற்றவர்கள் பழைய சீட்டோடு வேலையைத் தொடர்வார்கள், பெயரும் அவர்களிடமே இருக்கும்.

5. டெராஃபார்ம் பயன்படுத்துகிறீர்கள். பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஹாஷிகார்ப்பின் சீட்டுப்படி ஒவ்வொரு பதிப்பும் வெளியாகி நான்கு வருடம் ஆனதும் பழைய எம்.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்துக்குத் தானாகத் திரும்பிவிடும். பூட்டோடு வந்த முதல் பெரிய பதிப்பு 1.6. அது வெளியானது 2023 அக்டோபரில். 2027 அக்டோபரில் அதன் பூட்டு கழன்று விழும். அன்றைக்கு அந்த நிரலை ஓப்பன்டோஃபுக்காரர்கள் சட்டப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் நான்கு வருடம் பழசாகியிருக்கும்.